இந்தப் பக்கத்துக் கேணி

கொக்குவிலில் இருந்து வான், காலை ஏழரைக்கு.
ஏழு பேர், இரண்டு வாளி, பார்சலில் புட்டு,
சம்பல் புறம்பாக, ஊறிப் போகாமல்.
தெல்லிப்பழை கழிந்ததும் அத்தான் போனை எடுத்தார்.
அவர் இருக்கும் நாட்டில் ரோமர் கட்டிய குளிப்பிடம் ஒன்று,
பச்சைத் தண்ணீர், மேலே ஆவி, சுற்றிவரத் தூண்கள்.
படம் முன்சீற்றில் இருந்து பின்சீற்றுக்குக்
கை மாறிக் கை மாறி வந்தது.

"குளிச்சனீங்களோ பெரியப்பா?"
"குளிக்க விடமாட்டாங்கள். தொடவும் கூடாது.
டிக்கெட் எடுத்துப் பாத்துப்போட்டு வரலாம்."
யதுசனா கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"அப்ப அது குளம் இல்லை. போட்டோ."

அத்தானுக்கு ரோசம் வந்துவிட்டது.
குளிக்கப் போன இடத்தில் உடுப்பைப் பறிகொடுத்தவர்கள்
ஈயத்தகட்டில் கள்ளனைச் சபித்து எழுதுவார்களாம்,
கண் போக, நித்திரை போக, குடல் கருக என்று.
சுருட்டி ஊற்றுக்குள் போட்டால் தெய்வம் வாசிக்குமாம்.
இரண்டாயிரம் வருசம் கழித்து
ஆரோ தோண்டி எடுத்துக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள்.
வான்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.
"இஞ்சயும் செருப்பைக் கவனமா விடுங்கோ."

கீரிமலையில்
கடலுக்கும் கேணிக்கும் நடுவில் ஒரு கட்டு மட்டும்.
அங்கால் உப்பு, இங்கால் நல்ல தண்ணீர்.
எப்படி என்று கேட்டால் ஆளுக்கொரு விளக்கம்.
ஆண்களின் கேணி அகலம். படியில் நின்றால் அலை தெரியும்.
போன வருசம் அங்கேதான்
தகப்பன் தோளில் ஏறி நின்று குதித்தவள்.
இந்த வருசம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
அக்கா ஒரு துவாயை எடுத்து அவளின் கையில் கொடுத்தா.
அவ்வளவுதான்.
தம்பிக்காரன் கிரிசாந்
காற்சட்டையோடு அந்தப் பக்கம் ஓடினான்.

பெண்கள் கேணிக்கு நாலு பக்கமும் மதில்.
வானத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்.
குறுக்குக்கட்டோடு இறங்கினேன்,
முழங்காலுக்குக் குளிர், நெஞ்சுக்கு அதைவிட.
குஞ்சுமீன்கள் வந்து குதிக்காலைக் கொத்திப் பார்த்தன.
பொய் சொல்லக் கூடாது, சுகமாய்த்தான் இருந்தது.

யதுசனா படியை விட்டு இறங்கவில்லை.
மதிலுக்கு அங்கால்
தொம் என்று ஆரோ குதிக்கும்போதெல்லாம்
விரல் மடித்து எண்ணினாள்.

அக்கா கதை சொல்லிப் பார்த்தா:
குதிரை முகத்தோடு வந்தாள் ஒரு இளவரசி,
இந்தத் தண்ணீரில் முழுகி முழுகி
சொந்த முகம் கிடைத்துப் போனாளாம்.
"அவ எந்தக் கேணியில குளிச்சவ?"
அக்கா சவர்க்காரத்தைத் தேடத் தொடங்கினா.
சவர்க்காரம் போடக் கூடாது என்ற பலகைக்குக் கீழேதான்
அது இருந்தது.

பிறகு கண்டேன்.
அத்தான் கொண்டுவந்த சொக்கிலேற்றின் வெள்ளித்தாளைத்
தொடையில் வைத்துத் தடவித் தடவி நேராக்கி,
தலைக் கிளிப்பின் முனையால் எழுதிக்கொண்டிருந்தாள்.
மூன்று வரி. நாலாவதில் நின்று யோசித்து,
அதையும் எழுதினாள்.
ஒரு சின்னக் கல்லைச் சுற்றி மடித்து
கையை நீட்டி விட்டாள்.
மீன்கள் வந்து பார்த்துவிட்டுப் போயின.
நான் பார்க்காத மாதிரி
முகத்தைத் தண்ணீருக்குள் தாழ்த்தினேன்.
அதற்குப் பிறகுதான் இறங்கினாள்,
மூக்கைப் பிடிக்காமல், ஒரே முழுக்காக,
எல்லாருடைய தலையிலும் தண்ணி தெறிக்க.

வெளியே வந்தால்
அவளின் அப்பாவுடைய செருப்பில் ஒன்று இல்லை.
ஒன்றுதான். வலக்கால்.
"ஒரு செருப்பை வச்சு என்ன செய்யப்போறான் மடையன்?"
கள்ளனுடைய பரம்பரையை இழுத்துத் திட்டியபடி
கொதிக்கும் தார் றோட்டில் நொண்டி நொண்டி
வான்வரைக்கும் வந்தார்.
எல்லாரும் சிரித்தோம். வான்காரர் கூடுதலாக.
யதுசனா சிரிக்கவில்லை.
ஈரத் தலையோடு எனக்குப் பக்கத்தில் ஒட்டி இருந்து
தகப்பனின் வெறுங்காலையே பார்த்தாள்.
மாவிட்டபுரம் தாண்டும்போது
என் காதுக்குள் சொன்னாள்:

"அம்மா, நான் செருப்பைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை."